எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்: ஒரு சட்டத்தை வாசித்தல்

சிங்கப்பூரைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியங்களில் மிக அதிகம் பேர் வாசித்தது எதுவாக இருக்கும்? கவிதையிலோ கதையிலோ தேட வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியவர்கள் பல ஆண்டுகளாக நிரப்பிக் கொடுத்த அந்த வெள்ளை அட்டையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்ததே, அதுதான் என்பேன். எச்சரிக்கை, சிங்கப்பூர்ச் சட்டத்தின்கீழ் போதைப்பொருள் கடத்துவோருக்கு மரணம். திருச்சியிலிருந்து முதல்முறை வந்த கட்டுமானத் தொழிலாளியும் லண்டனிலிருந்து வந்த வங்கி அதிகாரியும் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி அந்த அட்டையை நிரப்பியிருப்பார்கள். 2020 மார்ச் 27 முதல் அட்டை மின்வடிவத்துக்கு மாறியது. அந்த வரி கைக்கு வருவது நின்றது.

மூல ஆங்கிலத்தில் அந்த வரிக்கு வினைச்சொல் கிடையாது. மரணம், கடத்துவோர், சட்டம் என்று பெயர்ச்சொற்கள் மட்டும் அடுக்கப்பட்டிருந்தன. கொல்வது யார் என்று சொல்ல எழுவாய் இல்லை. கொல்கிறது என்று சொல்ல பயனிலையும் இல்லை. நல்ல சட்டமொழி எப்போதும் அப்படித்தான், செய்கிறவனை உள்ளே மறைத்துக்கொள்ளும். இலக்கண ஆசிரியர் யாராவது அதைத் திருத்தக் கொடுத்திருந்தால் சிவப்பு மையின் மேல் இன்னும் கொஞ்சம் சிவப்பு மை விழுந்திருக்கும்.

சாங்கி என்ற சொல் நம்மில் பலருக்கு விமான நிலையம். சில குடும்பங்களுக்கு அது சிறைச்சாலை. தானா மேராவில் ரயில் மாறி விமான நிலையம் போகிற கூட்டம் சிறைச்சாலை பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நினைப்பதில்லை, நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இரண்டையும் இணைக்கிற ஒரு பிரதி இருக்கிறது: போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம், 1973. இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தின் மீதான ஒரு விமர்சனம். நான் வழக்கறிஞர் கிடையாது. கவிதைக்கும் நாவலுக்கும் எப்படி மதிப்புரை எழுதுவோமோ அப்படி இதை வாசித்துப் பார்க்கிறேன். சொல் எங்கே நிற்கிறது, யார் பேசுகிறார்கள், யாருக்குப் பேச இடமில்லை என்று.

இப்போது இதை எடுக்கக் காரணம் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் உலகச் சந்தையில் புதுப் பெயர்களோடு பொருள்கள் வந்து குவிந்திருக்கின்றன. ஹெம்ப் மிட்டாய், சிபிடி எண்ணெய், டெல்டா-8, கிராட்டம் தேநீர், கிராட்டம் மாத்திரை. ஒரு நாட்டில் பலசரக்குக் கடையில் சூயிங்கம் பக்கத்தில் இருப்பது இன்னொரு நாட்டில் சிறைக்கு வழி. "ஹெம்ப்தானே அண்ணே, கஞ்சா இல்லையே" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேள்வி அப்பாவித்தனமாகத் தெரியும். உண்மையில் அது மொழி பற்றிய கேள்வி. ஒரு செடிக்கு இரண்டு பெயர் வைத்தால் இரண்டு செடியாகிவிடுமா?

அமெரிக்கச் சட்டம், ஆகும் என்றது. 2018-இல் வந்த வேளாண் சட்டம், காய்ந்த எடையில் டெல்டா-9 டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டாத கஞ்சாச் செடிக்கு ஹெம்ப் என்று பெயர் சூட்டி, போதைப்பொருள் பட்டியலிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. இந்த 0.3 எங்கிருந்து வந்தது? 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் குரோன்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் செடியை வகைப்படுத்துவதற்காகப் போட்ட கோடு. வசதிக்காகப் போட்ட கோடுதான் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வகைப்பாட்டியலில் பென்சிலால் போட்ட கோடு சட்டத்தில் இரும்பு வேலியாகிவிட்டது. வியாபாரிகள் என்ன செய்தார்கள்? சட்டம் டெல்டா-9 என்றுதானே சொல்கிறது, நாங்கள் டெல்டா-8 விற்கிறோம் என்றார்கள். சட்டத்தை எழுத்தெண்ணி வாசித்த வாசகர்கள் அவர்கள்தான்! கடைசியில் 2025 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஹெம்ப் என்ற சொல்லின் வரையறையையே மாற்றி எழுத வேண்டிவந்தது.

சிங்கப்பூர்ச் சட்டம் இந்த விளையாட்டுக்கே இடம் வைக்கவில்லை. கஞ்சா என்றால் அந்தப் பேரினத்துச் செடியின் எந்தப் பகுதியும், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், என்கிறது அதன் வரையறை. எனக்கு இந்தப் பிரதியில் மிகவும் பிடித்த தொடரும் என்னை மிகவும் பயமுறுத்துகிற தொடரும் இதுதான். எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும். தமிழில் மட்டும் எத்தனை பெயர்! கஞ்சா, பங்கி, சிவமூலி, கோரக்கர் மூலி. சித்தர் பாரம்பரியத்தில் அதைச் சுத்தி செய்து லேகியத்தில் சேர்ப்பதற்கு முறைகளே உண்டு. ஒவ்வொரு பெயரும் ஒரு பயன்பாட்டைச் சொல்கிறது: ஒன்று மருந்துக்காரனின் பெயர், ஒன்று சாமியாரின் பெயர், ஒன்று தெருவின் பெயர். சட்டம் இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிறது.

இந்தியச் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கூர்மை தெரியும். 1985-இல் வந்த இந்தியப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூத்த அல்லது காய்த்த நுனிகள். நுனி கூட இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. அந்த இடைவெளியில்தான் வடநாட்டில் பாங்குக் கடைகள் உயிர்வாழ்கின்றன. 2021-இல் இந்திய உணவுத் தர நிர்ணய ஆணையம் சணல்விதை போன்ற அந்த விதையையும் அதன் எண்ணெயையும் உணவாக விற்க அனுமதித்ததும் அதே இடைவெளி வழியாகத்தான். ஒரு சட்டம் செடியை இலை, விதை, நுனி என்று பிரித்து வாசிக்கிறது. இன்னொன்று செடியைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறது. எது நல்ல வாசிப்பு என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முன்னதில் ஓட்டை இருக்கிறது, பின்னதில் காற்றே இல்லை.

கிராட்டம் கதை கொஞ்சம் வேறு. அது நம் தீபகற்பத்து மரம், கப்பலேறி வந்த சரக்கு கிடையாது. தாய்லாந்தின் தெற்கிலும் மலேசியாவின் வடக்கிலும் வெயிலில் வேலை செய்கிறவர்கள் அதன் இலையை மென்று களைப்பைப் போக்கிக்கொண்டார்கள். மலேசியாவில் கெத்தும் என்பார்கள். கொஞ்சம் மென்றால் சுறுசுறுப்பு, அதிகம் போனால் அபின் மாதிரி மயக்கம். மிட்ராகைனா என்பது அதன் பேரினம். நம்முடைய நீர்க்கடம்பும் அதே பேரினம்தான். முருகனுக்குக் கடம்பமாலை சூட்டுகிற நாம் கிராட்டத்துக்கு ஒருவகையில் பங்காளிகள். (பயப்பட வேண்டாம், மிட்ராகைனைன் என்ற அந்தச் சரக்கு கிராட்டத்துக்கே உரியது.) தாய்லாந்து 1943-இல் கிராட்டத்துக்குத் தனிச்சட்டம் போட்டுத் தடுத்தது, 2021 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. அமெரிக்காவில் 2016-இல் அவசரமாகத் தடைசெய்யப் போவதாக அறிவித்த போதைப்பொருள் துறை, மக்கள் எதிர்ப்பால் இரண்டே மாதத்தில் பின்வாங்கியது. மலேசியாவில் அது நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. சிங்கப்பூரிலோ மிட்ராகைனைனும் அதன் உறவான 7-ஹைட்ராக்சிமிட்ராகைனைனும் முதல் வகுப்புப் போதைப்பொருள், அதாவது ஹெராயின் இருக்கிற அதே வகுப்பு. உட்கொண்டால் பத்தாண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதோடு நிற்கவில்லை. ஹாட்யாய் போய்க் கிராட்டம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் 8ஏ பிரிவு காத்திருக்கிறது. வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே கொள்ளப்படும். 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவையும் பட்டியலிலிருந்து எடுத்தபிறகு இந்தப் பிரிவுக்கு மவுசு கூடிவிட்டது. 2023-இலிருந்து சோதனைச்சாவடிகளில் உமிழ்நீர்ச் சோதனைக் கருவிகள் வந்தன. இந்தச் சட்டத்துக்கு எல்லை நிலத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது. கடவுச்சீட்டு எங்கே போனாலும் கூடவே போகிற சட்டம்.

இதையெல்லாம் ஏதோ ஆதியிலிருந்தே இருக்கிற ஒழுக்கம் என்று எண்ணிக்கொள்கிறவர்களுக்காக ஒரு பழைய விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் பாங்கு அரசு வருமானம். அபின் குத்தகை பெரியது, சீனத் தொழிலாளர்களை நம்பியது. அதன் பக்கத்தில் சின்னதாகக் கள்ளுக்கும் பாங்குக்கும் சேர்த்து ஒரு குத்தகை, இந்தியர்களை நம்பி. ஏலம் விட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் குடியுங்கள் என்று விட்டுவிட்டது கம்பெனி அரசு. சாலை போடவும் சதுப்பைத் தூர்க்கவும் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளும் கூலிகளும் சிராங்கூன் சாலைப் பக்கம் கூடத் தொடங்கிய காலம். அதே செடி, அதே மக்கள், அரசின் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம்.

அந்தக் காலத்தில் இதே பொருளைப் பற்றி எழுதப்பட்ட ஒரு பெரும் பிரதி இருக்கிறது. 1893-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்து, இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் நியமிக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள். 1,193 சாட்சிகளைக் கேட்டார்கள். மாவட்ட ஆட்சியர், மருத்துவர், சாமியார், கஞ்சா பயிரிடுகிறவர், மனநல மருத்துவமனைப் பொறுப்பாளர் என்று யாரையும் விடவில்லை. 1894-இல் வந்த அறிக்கை ஏழு தொகுதி. மிதமாக எடுப்பவர்களுக்குப் பெரிய கேடு எதுவும் காணோம், தடை தேவையில்லை, உரிமமும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்துங்கள் என்றது. வரிப்பணத்தின் மேல் அரசுக்கு இருந்த ஆசையை மறக்கக் கூடாது, அறிக்கை அந்த ஆசைக்கு வசதியாகவும் இருந்தது. இருந்தாலும் இலக்கிய வாசகனாக எனக்கு அது ஒரு நாவலைப்போல. முரண்படுகிற குரல்கள் முரண்பட்டபடியே அதில் பதிவாகியிருக்கின்றன. ஒருவர் பைத்தியம் பிடிக்கும் என்கிறார், இன்னொருவர் என் தாத்தா தொண்ணூறு வயதுவரை குடித்தார் என்கிற பாணியில் பேசுகிறார், கணக்கெடுக்கிறவர் இருவரையும் எழுதிக்கொள்கிறார்.

1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குரலே இல்லை. சட்டத்தில் குரல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்தான். அதற்குப் பதில் எண்கள் இருக்கின்றன. 1975-இல் ஹெராயினுக்கும் மார்ஃபினுக்கும் மரண தண்டனை வந்தது, 1990-இல் கஞ்சாவுக்கும். 500 கிராமுக்கு மேல் கஞ்சா, 1,000 கிராமுக்கு மேல் கஞ்சாக் கலவை, 200 கிராமுக்கு மேல் கஞ்சாப் பிசின் கடத்தினால் தூக்கு. 2013 தொடக்கத்திலிருந்து, வெறும் தூதுவனாக மட்டும் இருந்து அரசுத் தரப்பு உதவிச் சான்றிதழும் கொடுத்தால், அல்லது மனநலக் குறைபாடு நிரூபிக்கப்பட்டால், ஆயுள் சிறைக்கு வழியுண்டு. மற்றபடி நீதிபதிக்குத் தேர்வு கிடையாது.

கடத்தல் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். சட்டம் அதை விற்றல், கொடுத்தல், செலுத்துதல், ஏற்றிச்செல்லல், அனுப்புதல், ஒப்படைத்தல், பகிர்ந்தளித்தல் என்று விரிக்கிறது. விற்பதும் கொடுப்பதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஈகை என்று ஓர் அதிகாரமே எழுதிவைத்த மொழிக்காரர்கள் நாம். காசு வாங்காமல் கொடுப்பது வேறு, காசுக்கு விற்பது வேறு என்பது நம் இரத்தத்தில் ஊறியது. தாய்லாந்திலிருந்து கொண்டுவந்த கஞ்சா மிட்டாயை நண்பனுக்கு ஒன்று கொடுத்தால் அது இந்த அகராதியில் கடத்தல். எடை குறைவானால் தூக்கு வராது, ஆனால் சிறையும் பிரம்படியும் வரும். "ஒண்ணே ஒண்ணுதானடா" என்று சொல்லி நீட்டுகிற கைக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்குமா?

அடுத்தது என் பார்வையில் இந்தப் பிரதியின் மைய வினைச்சொல்: கருதப்படும். 17-ஆம் பிரிவில் 15 கிராமுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் கடத்துவதற்காகவே வைத்திருந்ததாகக் கருதப்படும். 18-ஆம் பிரிவில் பொருள் இருக்கிற பெட்டியின் அல்லது வீட்டின் சாவி உன்னிடம் இருந்தால், பொருள் உன்னிடம் இருந்ததாகக் கருதப்படும். உன்னிடம் இருந்தது என்று ஆகிவிட்டால், அது என்ன என்று உனக்குத் தெரியும் என்றும் கருதப்படும். 22-ஆம் பிரிவு சிறுநீரைப் பார்த்து அப்படியே கருதுகிறது. மறுத்து நிரூபிக்கலாம், அந்த வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் நிரூபிக்கிற சுமை உன் தோளில். தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பது? தெரியும் என்பதற்குச் சாட்சி கொண்டுவரலாம். தெரியாது என்பதற்கு மனசைத்தான் கழற்றிக் காட்ட வேண்டும். அரசு இதற்குச் சொல்லும் பதில் எளிது: கடத்துகிறவனின் மனதுக்குள் போய் நிரூபி என்று அரசுத் தரப்பைக் கேட்டால் யாரையுமே தண்டிக்க முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உயிரை எடுக்கிற தண்டனையும் அந்த வசதியின் மேல் நிற்கலாமா என்பதுதான் கேள்வி. வினைமுற்றைக் கவனியுங்கள். செயப்பாட்டுவினை. கருதுகிறவர் யாரென்று இங்கும் இல்லை, விமான நிலைய அட்டையைப் போலவே.

சொல்லுக்கு உயிர்மேல் எவ்வளவு பிடி இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்கள் சரவணன் சந்தாராம் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பை வாசிக்க வேண்டும். 2020-இல் வந்தது. பிரச்சினை ஒரே சொல்: கலவை. அழுத்திக் கட்டிய கஞ்சாக் கட்டி ஒன்றை உடைத்தால் சில துண்டுகளில் காம்பும் பூவும் தெரியும், அவை கஞ்சா என்று ஆய்வகம் சொல்லும். மீதி தூளாக உதிர்ந்திருக்கும், எந்தச் செடி என்று கண்ணால் சொல்ல முடியாது, வேதிப்பொருள் மட்டும் இருக்கும். அந்தத் தூளும் துண்டும் சேர்ந்தால் 'கஞ்சாக் கலவை' என்று வாசித்து, ஒரே கட்டியின் மேல் கஞ்சாவுக்கு ஒரு குற்றச்சாட்டும் கலவைக்கு ஒரு குற்றச்சாட்டும் வைக்கிற வழக்கம் இருந்தது. 1996-இல் மனோகரன் வழக்கில் கிடைத்த விளக்கம் அதற்கு அடிப்படை. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விளக்கத்திலிருந்து விலகியது. கலவை என்றால் கஞ்சாவும் வேறு தாவரப் பொருளும் பிரிக்க முடியாதபடி கலந்தது. செடி தானே உதிர்ந்து தூளானது கலவை ஆகாது. சரவணனின் மரண தண்டனை விலகியது.

நினைத்துப் பாருங்கள். இருபத்துநான்கு வருடம் ஒரு பெயர்ச்சொல் ஒருவிதமாக வாசிக்கப்பட்டது. பிறகு அகராதியில் எவரும் காணக்கூடிய சாதாரணப் பொருளுக்கு அது திரும்பிவந்தது. கலவை என்றால் கலந்தது, சாந்துக் கலவை என்று சொல்கிற கொத்தனாருக்குத் தெரியும். உச்ச நிலை நீதிமன்றம் தன் பழைய வாசிப்பைத் தானே மாற்றிக்கொண்டதை நான் குறைவாக மதிப்பிடவில்லை, நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு உண்டு? எனக்குக் கிடைக்கும் கலக்கம் வேறு. எல்லாவற்றையும் எந்தப் பெயரால் அழைத்தாலும் ஒன்று என்று சொல்லித் தொடங்குகிற சட்டம், கடைசியில் பெயரில்தான் போய் நிற்கிறது.

இனி தங்கராஜு எஸ்/ஓ சுப்பையா. சிங்கப்பூரர், தமிழர். 2013-இல் 1,017.9 கிராம் கஞ்சா கடத்தச் சதியில் உடந்தையாக இருந்ததாகக் குற்றச்சாட்டு. அவர் அந்தப் பொருளைத் தொடவில்லை, அவரிடமிருந்து அது பிடிபடவும் இல்லை. அவரை இணைத்தது இரண்டு கைப்பேசி எண்கள், பிடிபட்ட இன்னொருவரின் சாட்சியம். 2018-இல் தண்டிக்கப்பட்டார், 2023 ஏப்ரல் 26 அன்று சாங்கிச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். வயது 46. நீதிமன்றம் ஆதாரங்களை ஏற்றது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. அவற்றை மறுவிசாரணை செய்ய எனக்குத் தகுதியில்லை. நான் பார்ப்பது இரண்டு சொற்களை.

ஒன்று, மொழிபெயர்ப்பாளர். வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டதாகவும் கிடைக்கவில்லை என்றும் அவர் சொன்னார். விசாரணையில்தான் முதல்முறை இதைச் சொல்கிறார், வேறு வாக்குமூலங்களின்போது கேட்கவில்லை என்று நீதிபதி அதை நம்பவில்லை. இருக்கலாம். சிங்கப்பூரில் ஆங்கிலம் பேசத் தெரியாத தமிழர் அபூர்வம். ஆனால் கடையில் பேசுகிற ஆங்கிலம் ஒன்று, உயிருக்காகப் பேசுகிற ஆங்கிலம் ஒன்று. கோபத்திலும் பயத்திலும் நமக்கு எந்த மொழி வருகிறது என்று ஒவ்வொருவரும் அறிவோம். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் நாட்டில், கொடி பறக்கும் அந்தத் தமிழுக்கு இந்த அறைக்குள் என்ன இடம் என்பது தமிழ் மொழி மாத மேடைகளில் கேட்கக்கூடிய கேள்வி. கேட்டு நான் பார்க்கவில்லை.

இரண்டாவது, 'வாரம்'. தூக்குத் தண்டனை நிறைவேறியதும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு வெளியிடும் அறிக்கை தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. அதற்கு மாறாத உறுப்புகள் உண்டு. எடை வரும். அந்த எடை இத்தனை பேரின் பழக்கத்துக்கு ஒரு வாரம் போதும் என்ற கணக்கு வரும். சட்டப்படியான எல்லா நடைமுறையும் கிடைத்தது, வழக்கறிஞர் இருந்தார் என்ற வரி வரும். தங்கராஜு விஷயத்தில் கணக்கு ஏறக்குறைய 150 பேர், ஒரு வாரம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு வாரம் ஏழு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வகுத்தலின் வேலை என்ன? கிராமுக்கு முகம் கிடையாது. 150 பேர் என்றதும் முகம் வந்துவிடுகிறது, நம் தெருப்பிள்ளைகள் வரிசையாக நிற்பது தெரிகிறது. திறமையான உருவகம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு முகத்தை அழிக்க 150 முகங்களை வரைய வேண்டியிருக்கிறது. இதே 1,017.9 கிராம் இந்தியாவில் சிக்கியிருந்தால், 'சிறிய அளவு' என்று அந்தச் சட்டம் வைத்திருக்கும் ஒரு கிலோவைப் பதினெட்டு கிராம் தாண்டியிருக்கும், அதிகபட்சம் பத்தாண்டு.

அரசின் தரப்பில் ஆய்வும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கஞ்சாவுக்கு மரண தண்டனை வந்தபிறகு, தண்டனை வரம்பைத் தாண்டிய எடையைக் கடத்துபவர் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 15 முதல் 19 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது என்று உள்துறை அமைச்சு சொல்கிறது. நான் இதை நம்புகிறேன். நம்புவதால்தான் யோசிக்கிறேன். இந்த ஆய்வு காட்டுவது, கடத்துகிறவர்கள் சட்டத்தை வாசிக்கிறார்கள், எண்ணைப் பார்த்து எடை போடுகிறார்கள் என்பது. அப்படி வாசிக்கத் தெரிந்தவர் 490 கிராம் அனுப்புவார். வாசிக்காதவர், அல்லது என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பொட்டலத்தைத் திறந்தே பார்க்காமல் தூக்கிவந்தவர், 500-ஐத் தாண்டி வந்து நிற்பார். குற்றச்சாட்டுகளில் '499.9 கிராமுக்குக் குறையாத' என்றும் ஹெராயினுக்கு '14.99 கிராமுக்குக் குறையாத' என்றும் எழுதப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அரசுத் தரப்பு இரக்கம் காட்ட முடிவு செய்தால் எடை எழுத்தில் இளைத்துவிடும். தராசில் உள்ளது உள்ளபடியே இருக்கும். தசமப்புள்ளிக்குப் பிறகு வருகிற ஒன்பதுகளில் கருணை ஒளிந்திருக்கிற வேறொரு பிரதியை நான் வாசித்ததில்லை.

நான் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் குழந்தை மிட்டாய் உறையில் போதை விற்கிற கூத்தையும், கிராட்டம் என்ற பேரில் அதன் வீரியமான கூறுகளை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக அடிக்கிற வியாபாரத்தையும் சுதந்திரம் என்று கொண்டாட என்னால் முடியாது. தாய்லாந்தே 2025-இல் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பிப்போனது. ஒழுங்குபடுத்து, உரிமம் கொடு, வயது பார், உறையில் உண்மையை எழுது. 1894 அறிக்கை சொன்னதைத்தான் உலகம் தடுமாறித் தடுமாறித் திரும்பவும் கற்றுக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரும் முழுக்க மூடிக்கொள்ளவில்லை. வேறு மருந்து பலிக்காத வலிப்பு நோயாளிக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தைத் தனி அனுமதியில் கொடுக்க வழி வைத்திருக்கிறது. அந்தச் சின்னக் கதவு ஒரு விஷயத்தைச் சொல்கிறது: பிரித்து வாசிக்க இந்தச் சட்டத்துக்குத் தெரியும்.

2024 ஜூன் 1 முதல் இந்தப் பிரதியில் இன்னொரு மாற்றம். புதிதாக முளைக்கிற வேதிப்பொருள்களைப் பட்டியல் போட்டு மாளவில்லை என்பதால், மனதின்மேல் விளைவு உண்டாக்கும் தன்மை இருந்தாலே போதும் என்று வரையறை வந்தது. பெயர்ச்சொல் தோற்ற இடத்தில் உரிச்சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் மனதைத் தொடுகிற பொருள் என்றால் காப்பியும் வருமே, பீரும் வருமே? அதனால் விலக்குப் பட்டியல் ஒன்று: மது, புகையிலை, காப்பியிலுள்ள காஃபின் இத்யாதி. மனதை மாற்றுகிறவை எல்லாம் தடை, நாங்கள் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவை தவிர. பழைய குத்தகைக்காரன் இதைக் கேட்டால் சிரித்திருப்பான், அவன் ஏலப் பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான்.

இந்தப் பிரதிக்கு இலக்கியம் என்ன பதில் எழுதியிருக்கிறது? பூ ஜுன்ஃபெங் 2016-இல் எடுத்த 'அப்ரண்டிஸ்' படம் தூக்கிலிடுபவரின் அறைக்குள் போனது. தூக்கிலிடப்பட்டவனின் மகன் அதே தூக்கிலிடுபவரிடம் தொழில் கற்கிறான். மலாய்க் குடும்பம், மலாய்ப் பேச்சு, கற்பனைச் சிறை. அதன் பலம், கயிற்றின் அளவையும் உடம்பின் எடையையும் தொழில்நுட்பமாகவே காட்டியது. அழ வைக்க முயலவில்லை. 2010-இல் ஆலன் ஷாட்ரேக் ஓய்வுபெற்ற தூக்கிலிடுபவரைப் பேட்டி கண்டு புத்தகம் எழுதி, நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு வாரம் அதே சிங்கப்பூரில் சிறை போனார். அந்தப் புத்தகம் கோபத்தில் எழுதியது, ஒழுங்கில் பலவீனமானது. தமிழில்? நான் வாசித்த சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் தேக்காவின் மல்லிகைப்பூ வாசம் நிறைய வீசுகிறது, வீவக அடுக்குமாடியின் மின்தூக்கி நிறைய ஏறி இறங்குகிறது. சாங்கிச் சிறையின் பார்வையாளர் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்த ஒரு அம்மாவை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இத்தனைக்கும் தீர்ப்புத் தொகுதிகளில் நம் பெயர்கள் மண்டிக் கிடக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழர் என்றால் எஸ்/ஓ, மலேசியத் தமிழர் என்றால் ஏ/எல். அப்பன் பெயரை நாம் முன்னெழுத்தாகச் சுருக்கி வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் அதை விரித்து எழுதிவிடும், மகன் வழக்கில் அப்பாவும் வந்து நிற்பார். மனோகரன் எஸ்/ஓ ராமு. நாகேந்திரன் ஏ/எல் தர்மலிங்கம், 42.72 கிராம் டயாமார்ஃபின், நுண்ணறிவு ஈவு 69, 2022 ஏப்ரல் 27. அவருக்காக ஹோங் லிம் பூங்காவில் மெழுகுவத்தி ஏந்தியவர்களில் தமிழர் அல்லாதவர்கள் ஏராளம். ஈப்போவிலிருந்து வந்த பன்னீர்செல்வம் பரந்தாமன் உள்ளே இருந்தபடியே கவிதையும் பாட்டும் எழுதினார். 2025 அக்டோபர் 8 அன்று அவரையும் தூக்கிலிட்டார்கள். இவர்கள் இருவரும் ஹெராயின் வழக்கு, ஹெம்ப்பும் இல்லை கிராட்டமும் இல்லை. சட்டப் பிரதி ஒன்றுதான். தண்டனைக்கு முந்திய நாள்களில் குடும்பத்தார் வாங்கிக் கொடுத்த சொந்த உடையில் சிறை நிர்வாகம் புகைப்படம் எடுத்துத் தருவது இங்கே வழக்கம். படத்தில் பலரும் சிரிக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் ஒட்டினால் வித்தியாசம் தெரியாது.

சட்டம் எழுதப்பட்டது ஆங்கிலத்தில், வாசிக்கப்படுவதும் ஆங்கிலத்தில். யாராவது ஒரு இளம் வழக்கறிஞரும் ஒரு எழுத்தாளரும் உட்கார்ந்து 2, 8ஏ, 17, 18 ஆகிய நான்கு பிரிவுகளையாவது தமிழில் பெயர்த்தால் நன்றாக இருக்கும். துண்டறிக்கை நடையில் வேண்டாம், பிரிவுக்குப் பிரிவு, காற்புள்ளி தவறாமல். இரண்டாம் பிரிவில் முதல் சிக்கல் வரும்: கொடுத்தல் என்று போடுவதா, வழங்கல் என்று போடுவதா? வழங்கல் என்றால் கொஞ்சம் மங்கலமாகக் கேட்கிறது. பதினெட்டில் கருதப்படும் என்பதா, ஊகிக்கப்படும் என்பதா? நான் ஊகிக்கப்படும் என்பேன். வழக்கறிஞர் ஒத்துக்கொள்ள மாட்டார்.